பழைய மரச்செதுக்குக் கட்டை கைக்கு வந்தால்: பார்ப்பதிலிருந்து பத்திரப்படுத்துவது வரை

பழைய புத்தகங்களில் படம் அச்சடிக்கச் செதுக்கிய மரக்கட்டைகளைப் பற்றியது இது. அவை எங்கிருந்து வந்தன என்பதிலிருந்து தொடங்குகிறேன். 18, 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கொஞ்சம் நிலபுலனும் நிறைய நேரமும் இருந்தவர்கள் தங்கள் கவுண்டியின் வரலாற்றைப் பாகம் பாகமாக எழுதித் தள்ளினார்கள். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம். எந்தக் குடும்பம் எந்த ஊரை எப்போது வாங்கியது, தேவாலயத்தில் யாருடைய கல்லறை எந்த மூலையில் இருக்கிறது, யாருக்கு என்ன குலச்சின்னம் என்று ஒன்று விடாமல் எழுதியிருப்பார்கள். டர்ஹம் கவுண்டிக்கு ராபர்ட் சர்ட்டீஸ் எழுதியது 1816-இல் வெளிவரத் தொடங்கியது, நான்காம் பாகம் 1840-இல்தான் வந்தது, அவர் இறந்து ஆறு வருடம் கழித்து. அமெரிக்காவில் இதே வேலையைக் கொஞ்சம் ஜனரஞ்சகமாகச் செய்தவர்கள் ஜான் வார்னர் பார்பரும் ஹென்றி ஹோவும். பார்பர் 1836-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஒவ்வொரு ஊரையும் பற்றி ஒரு தொகுப்பு போட்டார், சுமார் 190 படங்களோடு. ஹோ 1847-இல் ஒஹாயோவைக் கவுண்டி கவுண்டியாகப் பிரித்து எழுதினார்.

இந்த மாதிரிப் புத்தகங்களில் முழுப்பக்க மாளிகைப் படங்கள் பெரும்பாலும் செம்பிலோ எஃகிலோ செதுக்கியவை. பல நேரம் அந்த மாளிகைக்காரரே தகட்டுக்குப் பணம் கொடுத்திருப்பார். எழுத்துக்கு நடுவே வரும் சின்னப் படங்கள், அதாவது முத்திரை, குலச்சின்னம், ஞானஸ்நானத் தொட்டி, இடிந்த வாசல், ஊர்ச் சதுக்கம் எல்லாம் மரக்கட்டை. அந்தக் கட்டைகள் இன்றும் ஏலத்திலும் பழைய அச்சகச் சாமான்களிலும் உள்ளூர் வரலாற்றுச் சங்கங்களின் பெட்டிகளிலும் தலைகாட்டுகின்றன. அப்படி ஒன்றோ ஒரு கட்டோ உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் இது. கையில் கிடைத்ததும் மை பூசும் ரோலரைத் தேடி ஓடாதீர்கள். கட்டையில் இருக்கும் தகவலில் பாதி அச்சில் வராது, அவசரத் துடைப்பிலும் அவசர மையிலும் போய்விடக் கூடியது அந்தப் பாதிதான்.

மரத்தில் ஏன் செதுக்கினார்கள்

இதை முதலில் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். செம்புத் தகட்டில் மை பள்ளத்துக்குள் நிற்கும். அதை அச்சிடத் தனி அழுத்த இயந்திரம் வேண்டும், தனித் தாள் வேண்டும், பிறகு அந்தத் தாளைப் புத்தகத்தில் சேர்த்துத் தைக்க வேண்டும். மரக்கட்டையில் மை மேட்டில் நிற்கும், ஈய எழுத்தில் நிற்பது போலவே. ஆகவே கட்டையை ஈய எழுத்தின் உயரத்துக்குச் சரியாக அறுத்துவிட்டால் கோத்த எழுத்தோடு சேர்த்து ஒரே பாரத்தில், அதாவது ஒரே அச்சுச் சட்டத்தில் வைத்து, ஒரே இழுப்பில் அச்சடித்துவிடலாம். நம் ஊர் ட்ரெடில் அச்சகங்களில் ‘பிளாக்’ வைத்து அடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

இன்றைக்கு ஆங்கில, அமெரிக்க எழுத்துயரம் 0.918 அங்குலம், சுமார் 23.3 மில்லிமீட்டர். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இது கறாராக இல்லை, வார்ப்பகத்துக்கு வார்ப்பகம் மயிரிழை மாறும். அதனால் உங்கள் கட்டை 23.1 என்று காட்டினால் பதற வேண்டியதில்லை.

மரம் பாக்ஸ்வுட். மிக மெதுவாக வளர்கிற, மஞ்சள் நிறமான, இரும்பு போலக் கனமான மரம். பலகையாக அறுத்த முகத்தில் செதுக்கினால் நார் குறுக்கே வந்து மெல்லிய கோடு உடைந்துபோகும். அடிமரத்தை வட்டமாக அறுத்தால் வளையம் தெரியுமே, அந்த முகத்தில்தான் இவர்கள் செதுக்கினார்கள். கத்திக்குப் பதில் பியூரின் என்கிற கூர்முனைக் கருவி, கட்டைக்கு அடியில் மணல் நிரப்பிய தோல் திண்டு. கருவியைப் பிடித்த கை அசையாமல் நிற்க, மற்றக் கை கட்டையைத் திருப்பித் திருப்பி வளைகோடு போடும். நியூகாசிலில் தாமஸ் பியூயிக் (1753–1828) இந்த முறையைக் கலையாக்கிக் காட்டினார். அவர் இதைக் கண்டுபிடித்தவர் இல்லை, ஆனால் அவருக்குப் பிறகு இங்கிலாந்தில் படப் புத்தகம் போட்ட எல்லோரும் அவர் வழியில்தான் நடந்தார்கள். தன் கட்டை ஒன்று ஒன்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் தாங்கியதாக நினைவுக் குறிப்பில் அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அத்தனை உழைத்த மரம் 200 வருடம் கழித்து நம் சமையலறைக் குழாய்த் தண்ணீரில் விரிந்து போவதுதான் கொடுமை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் வேலை: மரமா, உலோகமா

கையில் எடுத்துப் பாருங்கள். முகம் ஜில்லென்று இருந்து, கட்டை எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்து, ஓரத்தில் சின்ன ஆணிகள் தெரிந்தால் அது மரப்பீடத்தில் அடித்த உலோகப் பிரதி. ஈயக்கலவையில் வார்த்தது ஸ்டீரியோ. மேலே செம்புத் தோலும் அடியில் ஈயமுமாக இருந்தால் எலெக்ட்ரோ. 1840-களிலிருந்து மூலக்கட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எலெக்ட்ரோ பிரதியை அச்சுக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அதனால்தான் சில மூலக்கட்டைகள் நேற்றுச் செதுக்கியது போல இருக்கும். அவற்றின் கோடுகளுக்குள் கறுப்பு மைக்குப் பதில் சாம்பல் நிற மினுமினுப்பு தெரிந்தால் அது பிரதி எடுத்தபோது பூசிய பென்சில்கரித் தூளாக இருக்கலாம், மெழுகுத் துணுக்கும் இருக்கலாம். அதை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள், அது சாட்சி.

முதுகையும் பக்கங்களையும் படியுங்கள்

எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் எப்போதும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பேன்.

முதுகில் கட்டை செய்து விற்ற கடையின் முத்திரை பதிந்திருக்கலாம், பெயரும் தெருவும் இருந்தால் காலத்தை ஓரளவு நெருங்கிவிடலாம். பென்சிலில் பக்க எண், பாகம் எண், ஊர்ப் பெயர், சில நேரம் விலையும் எழுதியிருக்கும். மையில் எழுதி ஒட்டிய சீட்டு, கட்டையைச் சுற்றிய பழைய தாள், அந்தத் தாளில் ஒட்டிய சோதனை அச்சு எதையும் பிரித்து எறியக் கூடாது. முதலில் புகைப்படம், அப்புறம்தான் மற்றது.

பக்கவாட்டில் இணைப்பைத் தேடுங்கள். பாக்ஸ் மரம் பருமனாக வளராது, உள்ளங்கையைவிடப் பெரிய கட்டை என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகளை ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். வெறும் பசையா, நாக்கும் பள்ளமுமாகச் சேர்த்ததா, முதுகில் குடைந்து போல்ட் போட்டதா என்று பாருங்கள். போல்ட் போட்டுக் கழற்றி மாட்டும் கட்டை 1860 வாக்கில்தான் லண்டனில் வந்தது. செய்தித்தாள் படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரே ராத்திரியில் பல பேர் செதுக்குவதற்கான ஏற்பாடு அது. ஆகவே 1820-களின் கவுண்டி வரலாற்றுக் கட்டை என்று யாராவது விற்க வந்து அதில் போல்ட் இருந்தால், ஆளையும் விலையையும் சந்தேகப்படுங்கள்.

நான்கு மூலையிலும் காலிப்பர் வைத்து உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் கட்டை முறுக்கியிருக்கிறது. முதுகில் தாள் ஒட்டி உயர்த்தியிருந்தால் அது அச்சுக்காரரின் வேலை, அதையும் விட்டு வையுங்கள். அதில் வேறு ஏதோ புத்தகத்தின் கழிவுத்தாள்கூட இருக்கும்.

முகம்: சாய்வு வெளிச்சம், பொறுமை

இருட்டறையில் ஒரு டார்ச்சைக் கட்டையின் முகத்துக்கு ஏறக்குறையச் சமமாகப் பிடியுங்கள், பத்து டிகிரிக்குக் கீழே. பழைய மை காய்ந்து முகமே கறுப்பாக இருக்கும், நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. சாய்வில் ஒவ்வொரு கோடும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். டார்ச்சை நான்கு பக்கமிருந்தும் பிடித்து நான்கு படம் எடுங்கள். பிறகு கணினியில் இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் அச்சில் எப்படி வரும் என்று ஒரு சொட்டு மை இல்லாமலே தெரிந்துவிடும். பலருக்கு இதோடு வேலை முடிந்தது.

இனி என்னவெல்லாம் தேட வேண்டும் என்று சொல்கிறேன்.

தாழ்த்திய இடங்கள். இதுதான் எனக்கு இந்தக் கட்டைகளிலேயே மிகப் பிடித்த விஷயம். தூரத்து மலை, வானம், படத்தின் விளிம்பு ஆகிய இடங்களில் செதுக்குவதற்கு முன்பே மரத்தை மயிரளவு சுரண்டித் தாழ்த்திவிடுவார்கள். அங்கே ரோலர் மெல்லத் தொடும், தாளும் மெல்ல அழுந்தும், கோடு சாம்பலாக விழும். ஒரே கறுப்பு மையில் அருகும் தூரமும் வருவது இப்படித்தான், பியூயிக் பட்டறையின் பெயர் பெற்ற வித்தை இது. டார்ச்சைச் சாய்த்தால் முகம் சமதளமாக இல்லாமல் மெல்லிய அலையாகத் தெரியும். தெரிந்தால் நல்ல கைவேலை என்று அர்த்தம், தேய்ந்து போனது என்று அர்த்தமில்லை. தேய்மானம் வேறு மாதிரி இருக்கும்: மேட்டுக் கோடுகளின் தலை உருண்டு, மூலைகள் மழுங்கியிருக்கும்.

செருகல். செதுக்கும்போது தவறு நேர்ந்தால், அல்லது ஆசிரியர் குலச்சின்னத்தில் சிங்கம் இடம் மாறிவிட்டது என்று கத்தினால், அந்த இடத்தைத் துளைத்து, பாக்ஸ் மர ஆப்பு ஒன்றை அடித்து, மட்டமாக்கி மறுபடி செதுக்குவார்கள். முகத்தில் மெல்லிய வட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். புத்தகத்துப் படத்திலும் அதே இடத்தில் முடி போன்ற வெள்ளை வளையம் சில நேரம் தெரியும். குடும்பப் பெருமை பேசும் புத்தகங்களில் இப்படித் திருத்திய சின்னங்களுக்குப் பின்னால் ஒரு சண்டை இருந்திருக்கும் என்று ஊகிப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

வெடிப்பும் புழுத்துளையும். இரண்டும் அச்சில் வெள்ளையாக விழும், வெடிப்பு கோடாக, துளை புள்ளியாக. ஒரே கட்டையின் இரண்டு அச்சுகளில் எதில் வெடிப்பு சிறியதோ அது முந்தியது. புழுத்துளையை வைத்து இன்னும் பெரிய வேலையே நடந்திருக்கிறது. பிளேர் ஹெட்ஜஸ் என்ற உயிரியலாளர் பழைய ஐரோப்பிய மர அச்சுப்படங்களில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளை அளந்து, வடக்கே சின்ன வண்டு (துளை சுமார் 1.4 மி.மீ.), தெற்கே பெரிய வண்டு (சுமார் 2.3 மி.மீ.) என்று நூற்றாண்டுகளுக்கு முந்தைய பூச்சி எல்லையை 2013-இல் வரைந்து காட்டினார்.

கையெழுத்து. கீழ் மூலையில் இடம் வலம் மாறி, கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். பெயருக்குப் பின்னால் ‘டெல்’ (del) என்றால் வரைந்தவர், ‘எஸ்சி’ (sc) அல்லது ‘ஸ்கல்ப்’ (sculp) என்றால் செதுக்கியவர். ஒரே பெயரைக் கண்டதும் ஓவியர் கிடைத்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள், பட்டறை முதலாளியின் பெயரைப் போட்டுக்கொண்டு பயிற்சிப் பையன் செதுக்கிய கட்டைகள் ஏராளம். பார்பர் போன்றவர்கள் விதிவிலக்கு. அவர் செதுக்குத் தொழில் பழகியவர், ஊர் ஊராகப் போய் வரைந்து, கட்டையையும் தானே செதுக்கினார்.

புகைப்படத்தைக் கட்டை மீது ஏற்றும் முறை 1860-களில் பரவுவதற்கு முன், ஓவியத்தை வெள்ளை பூசிய கட்டையின் மேலேயே நேரடியாக வரைவார்கள். செதுக்கச் செதுக்க ஓவியம் அழிந்துபோகும். அதாவது பல படங்களுக்கு மூல ஓவியம் என்று எதுவும் எங்கும் இல்லை, கட்டைதான் மூலம்.

எந்தப் புத்தகம் என்று கண்டுபிடிப்பது

முதலில் பட அளவை எடுங்கள், கட்டை அளவை அல்ல. புத்தகத்தில் இருக்கும் படம் கட்டையைவிட ஒரு சதவீதமோ அதற்குச் சற்று மேலோ சிறியதாக இருந்தால் குழம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் தாளை நனைத்து அச்சடித்தார்கள், காய்ந்ததும் தாள் சுருங்கிவிடும். படம் கட்டையைவிட நன்றாகப் பெரிதாக இருந்தால் அது வேறு கட்டையாக இருக்கலாம்.

குலச்சின்னம் இருந்தால் அதுவே நேர்வழி, சின்னத்திலிருந்து குடும்பம், குடும்பத்திலிருந்து ஊர், ஊரிலிருந்து கவுண்டி, அப்புறம் அந்தக் கவுண்டியின் வரலாற்றுப் பாகங்கள். பழைய பதிப்புகள் பெரும்பாலும் ஸ்கேன் ஆகி இணையத்தில் கிடக்கின்றன. கட்டிடப் படம் என்றால் ஒரு எச்சரிக்கை: செதுக்கியவர் ஓவியத்தைத் திருப்பிப் போடாமல் அப்படியே கட்டையில் ஏற்றியிருந்தால் அச்சில் கோபுரம் எதிர்ப்பக்கம் போயிருக்கும். ஊரோடு பொருந்தவில்லை என்று தள்ளிவிடும் முன் இடம் வலமாகத் திருப்பி ஒருமுறை பாருங்கள்.

ஒஹாயோ விஷயத்தில் இன்னொரு வசதி உண்டு. ஹோ 1846-இல் ‘ஓல்ட் பாம்ப்’ என்ற வெள்ளைக் குதிரையில் அந்த மாநிலம் முழுக்கச் சுற்றி வரைந்தார். நாற்பது வருடம் கழித்து அதே ஊர்களுக்கு மறுபடி போய், புது பதிப்பில் பழைய படத்தையும் புகைப்படத்தையும் சேர்த்தே போட்டார். ஆக, உங்களிடம் இருக்கும் நீதிமன்றச் சதுக்கத்தைச் சரிபார்க்க அவரே ஆதாரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரே கட்டை பல புத்தகத்தில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். அச்சகம் நொடித்தால் கட்டைகள் ஏலம் போகும், வாங்கியவர் அதையே பயண வழிகாட்டியிலும் மலிவுப் பதிப்பிலும் போடுவார். முதலில் கிடைத்த புத்தகம்தான் மூலப் புத்தகம் என்று முடிவு கட்டாதீர்கள், வெடிப்பை ஒப்பிடுங்கள்.

துடைப்பது

தண்ணீர் கூடாது. ஈரத்துணி கூடாது, சோப்பு கூடாது, காரக் கரைசல் கூடவே கூடாது. குறுக்குவெட்டு முகம் என்பது எண்ணற்ற நுண்குழாய்களின் வாய், தண்ணீரைக் குடித்து விரியும், காயும்போது சமமாகச் சுருங்காது, ஒட்டு பிரியும். அச்சடித்தபின் கட்டையைத் தண்ணீரில் கழுவிக் கெடுத்தவர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

முதலில் மென்மையான பிரஷ், ஓவியர்கள் வைத்திருக்கும் மயிர்த்தூரிகை போதும். தூசியைக் கோட்டின் திசையிலேயே தள்ளுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள், கறுப்பாக இருப்பது ஒன்றும் குற்றமில்லை. மை அடைத்துக் கோடே தெரியவில்லை என்றால் மட்டும் காட்டன் பட்ஸில் ஒயிட் ஸ்பிரிட்டை (பெயின்ட் கரைக்கும் திரவம்) தொட்டு, பிழிந்து, ஓரத்தில் ஒரு நாணய அளவு இடத்தில் சோதித்துவிட்டு மெதுவாக உருட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். ஊசியால் குத்தி மை எடுக்கிற ஆசையை அடக்குங்கள், 200 வருடத்து மை இறுகிப்போயிருக்கும், ஊசி வழுக்கினால் புதுக் கோடு ஒன்று படத்தில் சேர்ந்துவிடும். வயர் பிரஷ் பற்றிச் சொல்லவே எனக்குக் கை வரவில்லை.

பளபளப்புக்காக எண்ணெய் தடவச் சொல்வார்கள். வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் கோட்டுக்குள் இறங்கிப் பிசினாக இறுகிவிடும்.

அச்செடுக்கலாமா?

வெடிப்பு, ஒட்டுப் பிரிவு, புழு, முறுக்கல் இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். முதுகில் தாளும் சீட்டும் இருந்தாலும் வேண்டாம். உலோகப் பிரதியில்கூட கிடைக்காத அரிய படம் என்றாலும் வேண்டாம், சாய்வு வெளிச்சப் படமே போதும். கட்டை திடமாக, மட்டமாக இருந்து, அது உங்கள் சொந்தப் பொருளாகவும் இருந்தால் இரண்டு மூன்று பிரதி எடுக்கலாம்.

கட்டையை அச்சறையிலேயே ஒரு வாரம் வைத்துப் பழக்குங்கள். மை எண்ணெய் சார்ந்தது, கெட்டியானது. கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பரப்பி, ரோலர் மெல்லச் சீறும் சத்தம் வரும் அளவுக்குத்தான் எடுக்க வேண்டும், சப் சப் என்று ஒட்டும் சத்தம் வந்தால் மை அதிகம். ரோலர் கெட்டியாக இருக்கட்டும், கட்டையின் இரு பக்கமும் அதே உயரத்தில் சட்டம் வைத்தால் ரோலர் விளிம்பில் தொபுக்கென்று இறங்காது. மென்மையான ரோலரும் தாளுக்குப் பின்னால் தடித்த மெத்தையும் போட்டால் தாழ்த்திய வானமும் கரிய மலையும் ஒரே கறுப்பாக வந்து நிற்கும், செதுக்கியவரின் பாதி உழைப்பு காணாமல் போகும்.

தாள் மெல்லியதாக, வழுவழுப்பாக, காய்ந்ததாக இருக்கட்டும். ஜப்பானிய காம்பி மாதிரி தாள் கிடைத்தால் பத்திரமான வழி கை அச்சு: தாளை வைத்து, மேலே ஒரு வழுக்குத்தாள் வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே தேய்ப்பது. எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது கையில் இருக்கும். இயந்திரம்தான் வேண்டும் என்றால் ஆல்பியன், கொலம்பியன் போன்ற கைப்பிடி அச்சு இயந்திரம் சரி, உயரம் குறைந்தால் கட்டைக்கு அடியில் தாள் வைத்துச் சரிசெய்யுங்கள், அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். உருளை இயந்திரம் வேண்டாம். இந்த வேலையை நேரில் பார்க்க வேண்டுமானால் நார்தம்பர்லாந்தில் பியூயிக் பிறந்த செர்ரிபர்ன் வீட்டை நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது, அங்கே பழைய அச்சு இயந்திரங்கள் இருக்கின்றன.

முடிந்ததும் ஒயிட் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, உடனே உலர்ந்த துணியால் இன்னொன்று. எடுத்த பிரதியின் பின்னால் பென்சிலில் ‘பிற்கால அச்சு’ என்று வருடத்தோடு எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் இருபது வருடத்தில் அது அசல் என்று ஏலத்துக்கு வரும்.

வைப்பது

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் ஏறி இறங்காமல் இருந்தால் கட்டை இன்னும் பல தலைமுறைக்கு நிற்கும். ஹீட்டர், ஜன்னல், ஏ.சி. காற்று எதுவும் நேரே படக் கூடாது. அமிலமில்லாத தாளில் சுற்றி, முகத்தோடு முகம் உரசாமல், அட்டைப் பெட்டியில் தனித்தனி அறையாக வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் நிரந்தரமாக அடைக்காதீர்கள்.

புதுப் புழுத்துளைக்கு அடையாளம், கீழே சிந்திக் கிடக்கும் வெளிர் மரத்தூள். கண்டால் அந்தக் கட்டையைத் தனியாக எடுத்து, தாளில் சுற்றி, பாலிதீனில் காற்றை நெருக்கி அடைத்து, ஆழ்குளிர்பெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் உறையை அவிழ்க்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வர ஒரு முழு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் முகத்தில் நீர் கோக்கும். ஒட்டிச் செய்த பெரிய கட்டை என்றால் இதை நீங்களாகச் செய்யாமல் பாதுகாப்பு நிபுணரிடம் கேளுங்கள்.

ஒரு கட்டாகக் கிடைத்ததைக் கட்டாகவே வையுங்கள். அழகான குருவிப் படத்தை மட்டும் தனியாக விற்று, குலச்சின்னங்களைப் பெட்டியில் போட்டுவிடுவது விற்பனையாளர்களின் பழக்கம். ஆனால் எந்தப் புத்தகத்துக்குச் செய்தது என்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது அந்தச் சலிப்பூட்டும் சின்னங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள், எண்ணைக் கட்டையில் எழுதாமல் நூலில் கட்டிய சீட்டில் எழுதுங்கள். அளவு, உயரம், முதுகுக் குறிப்பு, நான்கு சாய்வு வெளிச்சப் படம் இவற்றோடு ஒரு பட்டியல் செய்து, அந்தக் கவுண்டியின் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கட்டையைக் கொடுக்க மனமில்லை என்றாலும் பட்டியலைக் கொடுக்கலாம், அந்தப் புத்தகத்தின் மீதிக் கட்டைகள் அவர்களிடமே இருக்க வாய்ப்பு உண்டு.